கால்வாய்க் கரைப் பட்டறையும் கொல்லுலையும்: பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் பழைய கால்வாய்களைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பாலத்தையும் வண்ணப் படகுகளையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே கரையில் செங்கல் சுவர், ஸ்லேட் கூரை, அகலமான மரக்கதவு என்று ஒரு முற்றம் இருக்கும். அதற்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. கால்வாய் இருநூறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருப்பதற்கு அந்த முற்றம்தான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். அதைப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டி.

கால்வாய்களை வகுத்த பொறியாளர்களின் பெயர்கள் எல்லாப் பலகைகளிலும் இருக்கின்றன: ஜேம்ஸ் பிரிண்ட்லி, வில்லியம் ஜெஸ்ஸப், தாமஸ் டெல்ஃபோர்ட். அவர்கள் வெட்டிய வழியும் கட்டிய கற்சுவரும் இன்னும் இருக்கின்றன. தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் ஓக் மரக் கதவுகளோ சுமார் 25 ஆண்டுதான் தாங்கும். 1805இல் மாட்டிய கதவு எதுவும் இன்று இல்லை. இன்று நீங்கள் முதுகால் தள்ளித் திறக்கும் கதவு எட்டாவதோ ஒன்பதாவதோ தலைமுறை. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு தச்சர் மரத்தை இழைத்திருக்கிறார், ஒரு கொல்லர் இரும்பைக் காய்ச்சியிருக்கிறார். அவர்கள் பெயர் பலகையில் இல்லை. அவர்கள் வேலையின் தடம் மட்டும் எங்கும் இருக்கிறது. அந்தத் தடத்தைப் படிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எங்கே போவது என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வகை இடங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் எதிர்பார்ப்பு வேறு.

முதல் வகை, இன்னும் வேலை நடக்கும் முற்றம். ஷ்ராப்ஷயரில் எல்ஸ்மியர் என்ற சிற்றூரில் இருப்பது இதற்கு நல்ல உதாரணம். எல்ஸ்மியர் கால்வாய்க்கு 1793இல் நாடாளுமன்றம் அனுமதி தந்தது. ஜெஸ்ஸப்பும் டெல்ஃபோர்டும் சேர்ந்து கட்டினார்கள். 1805இல் திறந்த பொன்ட்கசுல்ட்டே நீர்ப்பாலம் இந்தக் கால்வாயில்தான் இருக்கிறது: 126 அடி உயரத்தில், 1,007 அடி நீளத்துக்கு, வார்ப்பிரும்புத் தொட்டியில் கால்வாய் ஆற்றைக் கடக்கிறது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே போகிற கூட்டத்தில் கால்வாசிப் பேராவது எல்ஸ்மியர் முற்றத்துக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. கால்வாய்க் கம்பெனியின் அலுவலகமாக இருந்த பீச் ஹவுஸும், அதை ஒட்டித் தச்சுக்கூடமும் கொல்லுலையும் ஒரே இடத்தில் நிற்கின்றன. கணக்கு எழுதியவரும் சம்மட்டி பிடித்தவரும் ஒரே முற்றத்தில் இருந்தார்கள் என்பது நேரில் பார்த்தால்தான் மனத்தில் பதியும். பராமரிப்புப் பணி இன்றும் நடப்பதால் நினைத்தபோது உள்ளே நுழைய முடியாது. திறந்த நாள் அறிவிக்கும்போது போங்கள். மற்ற நாட்களில் கால்வாய்ப் பாதையிலிருந்து பார்க்கலாம்.

இரண்டாவது வகை, அருங்காட்சியகம். செஷயரில் எல்ஸ்மியர் போர்ட் என்ற துறைமுக ஊர் அதே கால்வாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கால்வாய் மெர்சி ஆற்றைச் சேரும் முனை அது. 1976இல் படகு அருங்காட்சியகமாகத் தொடங்கியது, இன்று தேசிய நீர்வழி அருங்காட்சியகம். பம்ப் ஹவுஸ், குதிரை லாயம், கொல்லுலை, தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் அங்கே உண்டு. போர்ட்டர்ஸ் ரோ என்ற 1833இல் கட்டிய வரிசை வீடுகளை வெவ்வேறு காலத்து வீடுகளாக அலங்கரித்து வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து கொல்லர் எந்த மாதிரி வீட்டுக்குத் திரும்பினார் என்று பார்க்க அதைத் தவறவிடாதீர்கள். இன்னொரு நல்ல இடம், பிளாக் கண்ட்ரி என்ற பழைய நிலக்கரி, இரும்புத் தொழில் வட்டாரத்தில், டட்லியில் உள்ள பிளாக் கண்ட்ரி அருங்காட்சியகம். அதைப் பற்றித் தனியாகப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது வகை, வேறு பயன்பாட்டுக்கு மாறிய கட்டடங்கள். ரக்பி அருகே ஹில்மார்ட்டனில் ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாயின் பழைய பட்டறைகள் இப்போது சிறு தொழிலகங்கள். டிரிங் அருகே புல்போர்னில் கிராண்ட் யூனியன் கால்வாய்க்கு நெடுங்காலம் கதவு செய்த பட்டறைக் கட்டடம் கரையிலிருந்தே தெரியும். இங்கெல்லாம் விளக்கப் பலகை குறைவு. படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் பேசும் இடங்கள் இவை. ஆகவே கடைசியாகப் போங்கள்.

படி 2: பட்டறைக்கு முன் ஒரு லாக்கைப் பாருங்கள்

நேரே உலைக்குப் போனால் அங்கே கிடக்கும் இரும்பெல்லாம் பழைய சாமானாகத்தான் தெரியும். அது எங்கே போய் உட்காருகிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அருகில் ஏதாவது ஒரு லாக்குக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள்.

மேட்டுக் கால்வாயிலிருந்து பள்ளத்துக் கால்வாய்க்குப் படகை இறக்கும் கல் தொட்டிதான் லாக். பக்கிங்காம் கால்வாயிலும் இவை இருந்தன, பழைய சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில் ஒரு லாக் சுமார் 7 அடி அகலம், 72 அடி நீளம். ஒரு தடவை நிரப்பி வடிக்க ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகும். இரட்டைக் கதவு உள்ள முனையில், இரண்டு இதழ்களும் நேர்கோட்டில் மூடுவதில்லை. மேல்நீரை நோக்கி முனை நீட்டிச் சேர்கின்றன. தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்ளும்.

இப்போது கதவு எப்படி நிற்கிறது என்று பாருங்கள். வீட்டுக் கதவுபோல் கீல் கிடையாது. சுவர் ஓரத்துக் கம்பம் உருட்டையாகச் செதுக்கப்பட்டு, கல்லில் குடைந்த பள்ளத்தில் பொருந்தியிருக்கும். அதன் அடியில், தண்ணீருக்குள், ஓர் இரும்பு முளை. பல டன் எடையுள்ள கதவு அந்த முளைமேல்தான் சுழல்கிறது. மேலே கம்பத்தின் கழுத்தை ஓர் இரும்பு வளையம் சுற்றிப் பிடித்து, கரைக் கல்லுக்குள் நங்கூரமாக இறங்கியிருக்கும். அந்த வளையம் அறுந்தால் கதவு முழுதும் லாக்குக்குள் சாய்ந்துவிடும். கொல்லர் செய்த ஒரு துண்டு இரும்பின்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்பதை அங்கே நின்று பார்க்கலாம்.

கதவின் மூலைகளில் தட்டையான இரும்புப் பட்டைகள் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். கதவு தன் எடையாலேயே தொங்கிக் கோணிப்போகாமல் பிடிப்பவை அவை. கதவின் மேல் பற்சட்டமும் பற்சக்கரமும் சேர்ந்த ஒரு கருவி தெரியும். படகுக்காரர் எல் வடிவக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினால், அடியில் உள்ள சின்ன மதகு மேலே எழும். சட்டம் திரும்ப விழாமல் ஒரு கொக்கி விழுந்து தடுக்கும். கைப்பிடி, கொக்கி, சட்டம், கழுத்து வளையம், மூலைப் பட்டை என்று இந்த ஐந்து உருப்படிகளையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் தேட வேண்டியவை இவைதான்.

கிளம்புவதற்கு முன் நீர்மட்டக் கோட்டில் மரம் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். எப்போதும் நீருக்குள் இருக்கும் ஓக் மெதுவாகத்தான் கெடும். நனைவதும் காய்வதுமாக இருக்கும் பகுதிதான் முதலில் உளுத்துப் போகும். அதோடு படகுகள் வந்து இடிக்கும் இடமும். கதவின் ஆயுளைத் தீர்மானிப்பவை இந்த இரண்டு இடங்களே.

படி 3: முற்றத்தைத் தண்ணீர்ப் பக்கமிருந்து படியுங்கள்

நாம் இன்று சாலை வழியாகப் போகிறோம். அதனால் முற்றத்தின் பின்பக்கத்தை முன்பக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். மரம், நிலக்கரி, இரும்புக் கம்பி எல்லாம் படகில் வந்தன. செய்து முடித்த கதவு படகிலேயே போனது. ஆகவே முதலில் கரை விளிம்பில் தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று பாருங்கள்.

கட்டடங்களின் அகலக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? தூக்குக் கிரேன் எங்கே நின்றது? தண்ணீரின் ஓரத்தில் கல் எங்கே தேய்ந்திருக்கிறது? மரம் இறங்கும் இடம், அறுக்கும் இடம், இணைக்கும் இடம், திரும்பப் படகில் ஏற்றும் இடம் என்று ஒரு வளையம் உங்களுக்கே தெரியவரும். உலை மட்டும் அந்த வளையத்திலிருந்து சற்று விலகி, முனையிலோ தனிக் கட்டடத்திலோ இருக்கும். மரத்தூள் நிறைந்த இடத்துக்குப் பக்கத்தில் தீப்பொறி கூடாது என்பது முதல் காரணம். பெரிய முற்றங்களில் கூரையில் ஒரு கடிகாரக் கூண்டும் இருக்கும். வார்விக்ஷயர் ஹார்ட்ஸ்ஹில் முற்றத்தில் இருப்பது அழகானது. கால்வாயின் வேலை மணிக்கணக்கு வேலையாக மாறிய காலத்தின் அடையாளம் அது.

படி 4: தச்சுக்கூடம்

இங்கே தேட வேண்டிய முதல் பொருள் தரையில் இருக்கும் நீளக் குழி, அல்லது அதை மூடிய தடம். இயந்திர ரம்பம் வருவதற்கு முன் மரத்தை இந்தக் குழிக்கு மேல் கிடத்தி, ஒருவர் மேலேயும் ஒருவர் குழிக்குள்ளேயும் நின்று நெடுவாக்கில் அறுத்தார்கள். மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்துக்கொள்வார், கீழே நிற்பவர் கண்ணில் தூளை வாங்கிக்கொள்வார். பிறகு நீராவி வந்ததும் கூரையை ஒட்டி நீளத் தண்டு ஓடி, தோல் பட்டைகள் வழியாக ரம்பத்தையும் துளைக்கருவியையும் சுழற்றியது. தண்டின் தாங்கிகள் பல இடங்களில் உத்தரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையைத் தூக்கிப் பார்க்காதவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

கதவுக்குப் பயன்படுத்துவது பச்சை ஓக், அதாவது வெட்டிக் காயவைக்காத மரம். நம் ஊர்த் தச்சர்கள் இதைக் கேட்டால் புருவம் உயர்த்துவார்கள், ஏனென்றால் ஜன்னலுக்கும் கதவுக்கும் காய்ந்த மரம்தான் வேண்டும். லாக் கதவோ வாழ்நாள் முழுவதும் தண்ணீரில் நிற்கப் போவது. சுருங்கும் பயம் இல்லை, பச்சை மரம் உளிக்கும் இளகிக் கொடுக்கும். கதவைத் தாங்கிகள்மேல் படுக்கவைத்து, ஒரு கட்டையின் கழுந்தை இன்னொன்றின் துளைக்குள் இறக்கிச் சட்டம் கட்டி, மேலே பலகை அடிப்பார்கள். இரண்டு கதவின் முகங்களும் தண்ணீர் கசியாமல் சேர வேண்டும். பட்டறையில் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் கடைசிச் சீவல் கதவை இடத்தில் நிறுத்திப் பார்த்த பிறகுதான்.

தச்சுக்கூடத்தின் மாடியிலோ ஓரத்திலோ மர உருக்கள் அடுக்கியிருந்தால் அது வார்ப்பு மாதிரிக் கூடம். பற்சக்கரம், மதகுக் கம்பம் போன்றவை வார்ப்பிரும்பு. மணலில் அச்சு எடுக்க மரத்தில் மாதிரி செய்தார்கள். உருக்கிய இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். அதற்கு ஏற்ற கூடுதல் அளவு மாதிரியிலேயே இருக்க வேண்டும் என்பதால், மாதிரித் தச்சர்கள் சற்றே நீண்ட அங்குலங்கள் கொண்ட தனி அளவுகோல் வைத்திருந்தார்கள். அப்படி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் சாதாரண அளவுகோலோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 5: உலைக்களத்துக்குள்

உள்ளே நுழைந்ததும் உடனே எதையும் பார்க்க முயலாதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகட்டும். உலைக்கூடம் வேண்டுமென்றே இருட்டாக வைக்கப்படுகிறது. கொல்லரிடம் வெப்பமானி கிடையாது. இரும்பின் நிறம்தான் அவருக்கு அளவு. வெயில் நேராக விழுந்தால் 900 டிகிரி இரும்பும் மங்கலாகத் தெரியும், அவர் அளவுக்கு மேல் காய்ச்சிப் பாழாக்கிவிடுவார். ஜன்னல் எங்கே இருக்கிறது, அதன் வெளிச்சம் உலைமேல் விழுகிறதா என்று கவனியுங்கள். அறிந்து கட்டிய உலைக்களத்தில் விழாது.

அடுத்து உலை. இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மேடை, மேலே புகைக்கூண்டு. இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் அடியிலிருந்து வருவதில்லை, பக்கவாட்டிலிருந்து ஒரு மூக்கு வழியாக வரும். அந்த மூக்கு தீக்குள்ளேயே இருப்பதால் உருகிவிடாமலிருக்க, பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியோடு இணைத்துக் குளிரவைப்பார்கள். மேடையின் பின்பக்கம் போய் அந்தத் தொட்டியைத் தேடுங்கள். பேரிக்காய் வடிவத்தில் தோலும் பலகையுமாக இருப்பது துருத்தி. அதில் இரண்டு அறைகள் உண்டு. கீழறை காற்றை இழுத்து மேலறைக்குத் தள்ளும், மேலறை அதை விடாமல் ஊதும். நம் ஊர்க் கொல்லர்கள் இரண்டு துருத்திகளை மாற்றி மாற்றி மிதித்தோ இழுத்தோ பெற்ற தொடர்ச்சியான காற்றை இந்த ஒற்றைத் துருத்தி தந்தது. பிற்காலத்தில் கையால் சுற்றும் விசிறி அதன் இடத்தைப் பிடித்தது.

உலையிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்துத் திரும்பினால் கைக்கெட்டும் தூரத்தில், இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை இருக்கும். காய்ச்சிய இரும்பு வேலைக்கு ஏற்ற சூட்டில் இருப்பது சில நொடிகள்தான். நடக்க நேரம் இல்லை. பட்டடையின் உயரம் கொல்லர் கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால் விரல்களின் கணு தொடும் உயரம் என்பது பழைய கணக்கு. ஆகவே அந்த அடிக்கட்டையின் உயரத்தை வைத்து, அங்கே வேலை செய்தவர் நெட்டையா குட்டையா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பழைய ஆங்கிலப் பட்டடையின் பக்கவாட்டில் மூன்று எண்கள் வெட்டியிருந்தால் அது எடை. முதல் எண் 112 பவுண்டின் மடங்கு, இரண்டாவது 28 பவுண்டின் மடங்கு, மூன்றாவது நேரடிப் பவுண்டு. உதாரணமாக 2, 1, 14 என்றிருந்தால் 224, 28, 14 என்று கூட்டி 266 பவுண்டு, ஏறக்குறைய 121 கிலோ. குழந்தைகளோடு போனால் இந்தக் கணக்கை அவர்களைப் போடச் சொல்லுங்கள். டட்லியில் பட்டடை செய்த பீட்டர் ரைட் என்ற பெயர் பல உலைக்களங்களில் இரும்பில் பதிந்திருப்பதையும் பார்க்கலாம்.

பட்டடையின் மேல்முகத்தில் ஒரு சதுரத் துளையும் ஒரு வட்டத் துளையும் இருக்கும். சதுரத்தில் உளிபோன்ற கருவிகளைச் செருகி வைப்பார்கள். வட்டத்தின்மேல் சூடான இரும்பை வைத்துத் துளையிடுவார்கள், வெட்டுப்பட்ட துண்டு அதன் வழியே கீழே விழும். கொம்புபோல் நீண்டிருப்பது வளைப்பதற்கு. சுவரில் வரிசையாகத் தொங்கும் குறடுகளைப் பாருங்கள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒவ்வொரு அளவுக் கம்பிக்கும் வடிவத்துக்கும் வாய் மாறும். தேவைப்படும்போது கொல்லர் தானே செய்துகொண்டவை. என்னைப் பொறுத்தவரை ஓர் உலைக்களத்தின் உண்மையான ஆவணம் அந்தக் குறடு வரிசைதான், ஏனென்றால் அங்கே என்னென்ன வேலை நடந்தது என்பதை அதுவே காட்டிவிடும்.

வேலையில் பெரும்பகுதி பெரிய உருப்படிகள் அல்ல. கொத்தனார்களின் உளியும் மண்வெட்டுபவர்களின் குத்துக்கோடரியும் மழுங்கி மழுங்கி வந்துகொண்டே இருக்கும். நுனியைக் காய்ச்சி அடித்துக் கூராக்கி, பிறகு தோய்ச்சல் போட வேண்டும். நல்ல சிவப்பில் நுனியை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்து, சட்டென்று தேய்த்துப் பளபளப்பாக்கினால், பின்பகுதியில் மிச்சமிருக்கும் சூடு நுனியை நோக்கி ஊர்ந்து வரும். எஃகின்மேல் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று வண்ணங்கள் ஓடும். வைக்கோல் நிறம் சுமார் 230 டிகிரி, நீலம் சுமார் 300. உளிக்கு வேண்டிய ஊதா நுனிக்கு வந்த நொடியில் மறுபடி தண்ணீர். முந்தினால் உளி உடையும், பிந்தினால் மழுங்கும். செயல்விளக்கத்தில் இதைச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். உலைக்களத்தில் பார்க்கக் கிடைக்கும் மிக அழகான காட்சி இது.

படி 6: ஒரு மூலைப் பட்டை உருவாவதைத் தொடருங்கள்

லாக் கதவில் படம் எடுத்த அந்தப் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். டி வடிவத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்று தகட்டை வெட்டி மின்சாரத்தில் பற்றவைத்துவிடுவார்கள். அன்று தேனிரும்பில், அதாவது அடித்து உருவாக்கும் நார்த்தன்மையுள்ள இரும்பில், உலையிலேயே ஒட்ட வேண்டும்.

முதலில் முழு அளவில் வரைபடம், தரையிலோ பலகையிலோ சுண்ணாம்புக் கட்டியால். சூடான இரும்பை அதன்மேல் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பதால் காகிதம் உதவாது. பிறகு ஒட்ட வேண்டிய முனையைக் காய்ச்சி நெடுவாக்கில் இடித்துத் தடிமனாக்குவார்கள். பின்னால் அடிக்கும்போது மெலியப் போவதை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் வேலை அது. அடுத்து இரண்டு முனைகளையும் சரிவாக, நடுவில் சற்றே மேடாக அடித்துக்கொள்வார்கள்.

இனிதான் சோதனை. இரண்டு துண்டுகளும் ஒரே நேரத்தில், ஒரே சூட்டில் வர வேண்டும். மங்கல் சிவப்பு, நல்ல சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் தாண்டி, இரும்பு வெண்மையை நெருங்கி, மேற்பரப்பு ஈரமாக மின்னும்போது சுமார் 1,300 டிகிரி. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் நட்சத்திரமாகப் பொறி பறந்து இரும்பே எரியத் தொடங்கும். முனையில் கொஞ்சம் மணல் தூவுவார்கள். மேலே படிந்த செதிலோடு மணல் கலந்து உருகி ஓடும் கிட்டமாகிவிடும், அடித்தவுடன் பக்கங்களில் பீய்ச்சி வெளியேறும். நடுவில் மேடு வைத்த காரணம் இப்போது புரியும்: முதல் அடி நடுவில் விழ வேண்டும், கிட்டம் வெளியேற வழி வேண்டும். உள்ளே சிக்கினால் ஒட்டு பார்வைக்கு நன்றாக இருந்து, கதவு கனம் ஏறும்போது விட்டுவிடும்.

பெரிய உருப்படிக்கு ஒருவர் போதாது. கொல்லர் சிறு சுத்தியலால் இடத்தைத் தட்டிக் காட்ட, சம்மட்டிக்காரர் அதே இடத்தில் ஓங்கி அடிப்பார். இரைச்சலில் பேச்சு எடுபடாது. சிறு சுத்தியலின் தட்டு எவ்வளவு பலமோ அவ்வளவு பலமாக அடி, பட்டடைமேல் வெறுமனே தட்டினால் நிறுத்து. செயல்விளக்கத்தில் இரண்டு பேர் வேலை செய்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று கேட்டுப் பாருங்கள், கட்டளைகள் காதுக்கே தெரியும்.

கடைசியில் போல்ட் துளைகள். சூட்டில் குத்தித் துளையிட்டால் தேனிரும்பின் நார்கள் வெட்டுப்படாமல் இருபுறமும் விலகிக்கொள்ளும். அந்த நார்களை நீங்களும் பார்க்கலாம்: நெடுநாள் துருப்பிடித்த பழைய பட்டைகளில் மேற்பரப்பு மரத்தின் வரிபோல் நீளவாக்கில் பிளந்திருக்கும். அப்படி இருந்தால் தேனிரும்பு. புள்ளி புள்ளியாகவோ தகடு தகடாகவோ துருத்திருந்தால் பெரும்பாலும் பிற்கால எஃகு. எந்தப் பழைய முற்றத்திலும் இந்த ஒரு சோதனை உங்களுக்குக் கைகொடுக்கும்.

படி 7: உலர்துறை

பல முற்றங்களில் கால்வாயிலிருந்து பக்கவாட்டில் ஒரு சிறு கிளை, அதன்மேல் கூரை: தண்ணீரை வடித்துப் படகின் அடியைப் பழுதுபார்க்கும் இடம். படகை உள்ளே மிதக்கவிட்டு, வாயிலின் இருபுறப் பள்ளங்களில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அடைத்து, அடியில் உள்ள மதகைத் திறந்தால் தண்ணீர் பள்ளத்துக் கால்வாய்க்கோ ஓடைக்கோ வடிந்துவிடும். உலர்துறைகள் லாக்கின் பக்கத்தில் அடிக்கடி இருப்பதற்குக் காரணம் இந்த இறக்கம்தான், பம்பு தேவையில்லை. மரப்படகின் பக்கங்கள் ஓக், அடிப்பலகை எல்ம். பலகையை வளைக்க நீண்ட பெட்டிக்குள் வைத்து நீராவி விடுவார்கள், ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது தொழிலாளர் கணக்கு. இங்கும் கொல்லர் வருவார்: சுக்கானின் முளை, கயிறு கட்டும் வளையம், பலகையைப் பிடிக்கும் ஆணி எல்லாம் அவருடையவை.

படி 8: நெதர்ட்டனும் கிராட்லி ஹீத்தும்

பராமரிப்பு முற்றத்தின் உலை ஒன்று. கால்வாயின் நிலக்கரியையும் இரும்பையும் நம்பியே எழுந்த உலைகள் வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தப் பயணம் முடியாது என்பதால்தான் டட்லியைத் தனியாக வைத்தேன்.

டட்லி பக்கத்து நெதர்ட்டனில், கால்வாய் ஓரத்தில், நோவா ஹிங்லி நிறுவனம் சங்கிலியும் நங்கூரமும் செய்தது. டைட்டானிக் கப்பலுக்கான ஏறக்குறைய 16 டன் நங்கூரம் 1911இல் இங்கே உருவாகி, இருபது குதிரைகள் இழுத்த வண்டியில் ரயில் நிலையத்துக்குப் போனது. இதை எல்லாரும் சொல்வார்கள். அதே வட்டாரத்தில் கிராட்லி ஹீத்தில் வீட்டுக் கொல்லைப்புற உலைகளில் சிறு சங்கிலி அடித்த பெண்களைப் பற்றி அதைவிட உரக்கச் சொல்ல வேண்டும். 1910இல் அரசு வாரியம் மணிக்கு இரண்டரை பென்னி என்று குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. முதலாளிகள் தட்டிக்கழித்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் மேரி மக்கார்தர் தலைமையில் பெண்கள் பத்து வாரம் போராடி அதைப் பெற்றார்கள். பலருக்கு அது பழைய வருமானத்தின் இரு மடங்கு. போராட்ட நிதியில் மிஞ்சிய பணத்தில் கட்டிய தொழிலாளர் மன்றம் பிரித்து எடுத்துவரப்பட்டு, இன்று பிளாக் கண்ட்ரி அருங்காட்சியகத்தில் மறுபடி நிற்கிறது. முதலில் சங்கிலிப் பட்டறையில் செயல்விளக்கம், பிறகு அந்த மன்றம், அதன் பின் கால்வாய் ஓரத்துப் படகுத்துறை என்ற வரிசையில் பாருங்கள். சங்கிலியின் ஒரு கண்ணியை வளைத்து, காய்ச்சி, ஒட்டி முடிப்பதைப் பார்த்துவிட்டுக் கூலிக் கணக்கைப் படித்தால்தான் அதன் கனம் தெரியும்.

படி 9: போகும் முன்னும் போன பின்னும்

உலை எரியும் நாட்கள் குறைவு. பல இடங்களில் தன்னார்வலர்களே கொல்லர்கள். போவதற்கு முன் அந்த வார அட்டவணையைப் பாருங்கள். மூடிய தோல் செருப்பு, பருத்தி உடை, முடி நீளமாக இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். பொறியில் நைலான் உருகித் தோலில் ஒட்டும். கருப்பாகக் கிடக்கும் இரும்பைத் தொடவே தொடாதீர்கள், 400 டிகிரி இரும்பும் கருப்பாகத்தான் இருக்கும். குழந்தைகளிடம் இதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கேள்வி கேட்பதென்றால் இரும்பு உலைக்குள் இருக்கும்போது கேளுங்கள், பட்டடைமேல் இருக்கும்போது வேண்டாம். படம் எடுக்க ஃபிளாஷ் போடாதீர்கள். அவர் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தொழில் இன்றும் நடப்பதைப் பார்க்க விரும்பினால், கால்வாய்களை 2012 முதல் கவனித்துவரும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட், பிளாக் கண்ட்ரியில் பிராட்லி, யார்க்ஷயரில் ஸ்டான்லி ஃபெர்ரி ஆகிய பட்டறைகளில் கதவு செய்கிறது. திறந்த நாட்களை அவ்வப்போது அறிவிக்கிறார்கள். குளிர்காலத்தில் கால்வாயின் சில பகுதிகளைப் பூட்டித் தண்ணீர் வடித்து, புதுக் கதவு மாட்டுவார்கள். அந்தச் சமயம் மக்களை லாக்கின் அடித்தளம்வரை இறங்க அனுமதிக்கும் நாட்களும் உண்டு. வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். படி 2இல் சொன்ன அடி முளையை நேரில் பார்க்க வேறு வழி இல்லை.

திரும்பும் வழியில் கால்வாய்ப் பாதையில் நடக்கும்போது, கதவுகளைத் தள்ளும் நீண்ட மரக்கையின்மேல் பாருங்கள். பல கதவுகளில் செய்த ஆண்டு செதுக்கியோ சிறு தகட்டிலோ இருக்கும். 1998 என்றிருந்தால் அந்தக் கதவுக்கு முறைப்படி 2023இலேயே ஆயுள் முடிந்துவிட்டது. நீர்மட்டக் கோட்டில் மரம் எப்படி இருக்கிறது, மூலைப் பட்டையின் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, இரண்டு இதழ்களும் சேரும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு கசிகிறது என்று பார்த்து, அடுத்த குளிர்காலத்தில் எந்த லாக்கின் கதவு பட்டறைக்குப் போகும் என்று நீங்களே கணித்துவிடலாம்.